சங்கொலியைச் சிலையாக்கியவர்

காலையிலே ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் ஓசூர்ச் சாலையோரம் நின்று பாருங்கள், தோழர்களே! தலை ஈரம் காயாத பெண்கள், கையிலே சாப்பாட்டுத் தூக்கு, கண்ணிலே நேற்றைய தூக்கம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசிக்கொண்டு சிப்காட்டை நோக்கி விரைகிறது ஒரு பெருங்கூட்டம். இந்த ஓட்டத்தையும் சிலையாக வடிக்கலாம் என்று எந்தச் சிற்பிக்காவது தோன்றியதா?

தோன்றியது, ஒருவருக்கு. அவர்தான் ராம்கிங்கர் பைஜ்.

வங்காளத்துப் பாங்குராவில் 1906-ல் பிறந்தவர். அரண்மனையிலே அல்ல, முடிதிருத்தும் தொழிலாளியின் குடிசையிலே. கலை அவருக்குப் பள்ளியிலே கிடைக்கவில்லை. களிமண்ணில் உருவங்கள் செய்யும் கைவினைஞர்களின் அருகிலே கிடைத்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, தலைவர்களின் படங்களை வரைந்து கொடுத்தார் அந்த இளைஞர். அவருடைய கைத்திறனைக் கண்ட பத்திரிகையாசிரியர் ராமானந்த சட்டர்ஜி, 1925-ல் அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நந்தலால் போஸ் ஆசிரியர். ரவீந்திரநாத் தாகூர் தலைவர்.

வெண்கலத்துக்குப் பணம் ஏது? சிமென்டையும் செம்மண் சரளையையும் கலந்தெடுத்தார் ராம்கிங்கர். 1938-ல் எழுந்தது ‘சந்தால் குடும்பம்’. மன்னனல்ல, மகானல்ல, பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர்போகும் பழங்குடிக் கணவன், மனைவி, பிள்ளை, கூடவே ஒரு நாய்! 1956-ல் எழுந்தது ‘ஆலை அழைப்பு’. சங்கொலி கேட்டு, ஈரச்சேலை காற்றில் பறக்க, ஓடுகிறார்கள் இரு பெண்கள். நம் ஓசூர்ச் சாலையின் காட்சியேதான், தோழர்களே!

தாகூரையும் அவர் வடித்தார். கவிஞர் என்றே தாகூரை நாம் அறிவோம். ஆனால் அறுபது வயதை ஒட்டித் தூரிகையைத் தீவிரமாக எடுத்து, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டியவர் அவர். 1930-ல் பாரிஸ் நகரம் அவற்றைக் கண்காட்சியிலே கண்டது. ஆக, இது ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் வடித்த மார்பளவுச் சிலை. 1941-ல் மறைந்த அந்தப் பெரியவரின் கடைசிக் காலத்து முகம் அது. குனிந்த தலை, குழிந்த கன்னம், உலகப்போரின் துயரைச் சுமந்த நெற்றி. பூசையறைப் படத்தின் புன்னகை அதிலே இல்லை.

1926-ல் தாகூர் சிகிச்சைக்காகத் தங்கி மரம் நட்ட இடம், ஹங்கேரி நாட்டின் பாலட்டன்ஃபூரெட். அங்கே ராம்கிங்கர் வடித்த வெண்கலச் சிலை நின்றது. பிறகு என்ன ஆயிற்று? நாம் வணங்கும் தாகூர் இவரல்லவே என்று குறை எழுந்தது. 2005-ல் அந்தப் பீடத்திலே வேறொரு சிற்பியின் சிலை ஏறியது!

இதுதான் கேள்வி. பெரியவர்களுக்கு நாம் சிலை எழுப்புவது, அவர்கள் மனிதர்களாகப் பட்ட பாட்டை நினைக்கவா? அல்லது பொன் வண்ணம் பூசி, மாலை போட்டு, மறந்துவிடவா? ஊர்தோறும் சிலை திறக்கிற நாம் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். கவலை தோய்ந்த முகத்தைக் காட்டினால் தலைவர் சிறுத்துவிடுவாரா? கவலைப்பட்டதனால்தானே அவர் தலைவரானார்!

டில்லி ரிசர்வ் வங்கி வாயிலில் அவர் செதுக்கிய யட்சனும் யட்சியும் இன்றும் நிற்கிறார்கள். செல்வத்தின் காவலனான யட்சனின் ஒரு கையிலே பணப்பை. மறு கையிலே பற்சக்கரம். பணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை வங்கியின் வாசலிலேயே எழுதிவைத்த துணிவைப் பாருங்கள்! பற்சக்கரம் கடைகிற ஓசூர்த் தோழனுக்கும், கிருஷ்ணகிரிக் குவாரியிலே கல் பிளக்கிற தோழனுக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

1970-ல் பத்மபூஷண் வந்தது. செல்வம் வரவில்லை, அதை அவர் தேடவுமில்லை. 1980 ஆகஸ்டில் கண்மூடினார்.

நாளை உங்கள் ஊரிலே சிலைக்கு நன்கொடை கேட்டு வருவார்கள். கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த முகத்திலே அவர் பட்ட பாடு தெரியுமா?