லிப்டனிடம் கற்க வேண்டியதும் கற்க முடியாததும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் காலையில் பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போய்விடும். அதன் பிறகு அது எங்கே, யார் பெயரில் விற்கப்படுகிறது என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அந்த இரகசியத்தை நன்கு அறிந்திருந்தவர் தோமஸ் லிப்டன்.

1848இல் கிளாஸ்கோ நகரின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். இளவயதில் அமெரிக்கா சென்று, நியூயோர்க்கில் மளிகை வியாபாரத்தையும் விளம்பரத்தையும் கற்றார். 1871இல் சொந்த ஊரில் முதற் கடையைத் திறந்தார். இடைத்தரகரைத் தவிர்த்து, குறைந்த இலாபத்தில் நிறைய விற்பதே அவர் வழி. கடைகள் பெருகின.

1890இல் இலங்கை வந்தார். கோப்பி நோயால் விலை வீழ்ந்திருந்த தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளை அருகேயுள்ள தம்பேதென்ன அவற்றுள் ஒன்று. அதுவரை கடைகளில் பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற தேயிலையை, அளவும் தரமும் மாறாத சிறு பக்கெட்டுகளில் தம் பெயரிட்டு மலிவாக விற்றார். பிரித்தானியத் தொழிலாளியின் வீட்டுக்கும் தேநீர் எட்டியது. 1898இல் சேர் பட்டம் பெற்றார். 1931இல் மறைந்தபோது சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவுக்கே விட்டுச் சென்றார்.

கொழுந்து பறித்த கைகளுக்கு லயன் அறைதான் மிஞ்சியது.

சரியான அளவு, நியாய விலை, சொந்தப் பெயர்: இம்மூன்றையும் நம் வியாபாரிகள் அவரிடம் தாராளமாகக் கற்கலாம். வருமானம் பெருகும்போது உழைத்தவருக்கும் பங்கு கொடுப்பதை மட்டும் நாம்தான் தொடங்க வேண்டும்.