சௌந்தரம் அம்மா

திண்டுக்கல்-மதுரை ரோட்டில் காந்திகிராமம் போர்டைப் பார்த்திருப்பீங்க. 1947-ல் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் 1925-ல் பிளேக்கில் இறந்துட்டார்.

அந்தக் காலத்து விதவைக்கு வீட்டு மூலைதான். வருஷக்கணக்கா முகம் வாடியே இருந்தாலும், 'அவ சுபாவம் அப்படி'ன்னு விட்டுடுவாங்க. (ரெண்டு வருஷத்துக்கு மேல நீடிக்கிற மந்தமான சோர்வை இன்னைக்கும் பலர் சுபாவம்னுதான் நினைக்கிறோம். அது நோய், கவுன்சிலிங், மாத்திரை ரெண்டும் இருக்கு.)

சௌந்தரம் மூலையில் உட்காரல. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். 1940-ல், பெற்றோர் எதிர்ப்பையும் மீறி, காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1984-ல் மறைந்தார். காந்திகிராமத்துக் கஸ்தூர்பா ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கும் சுற்றுவட்டாரப் பெண்கள் பிரசவத்துக்கு வர்றாங்க.