சிட்டுக்குருவி காட்டிய வழி

பெரியோர் வரலாற்றைப் பயிலுங்கால், இளமையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவர்தம் வாழ்வின் திசையையே வகுத்திருப்பதைக் காண்கிறோம். இந்தியப் பறவையியலின் தலைமகனாகப் போற்றப்பெறும் சாலிம் அலியின் வாழ்வும் அத்தகையதே.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனின் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவனது பொழுதுபோக்கு. ஆயினும் கண்டதைக் குறித்து வைக்கும் வழக்கமும் உடன் இருந்தது. கூட்டருகே காவல் நின்ற ஆண் குருவி வீழ்ந்ததும் பெண் குருவி வேறு துணையைப் பெற்றதையும், ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் இவ்வாறு வீழ்ந்ததையும் அச்சிறுவன் எழுதி வைத்தான். வேட்டையாடிய கையே ஆய்வுக் குறிப்பும் எழுதியது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1908ஆம் ஆண்டளவில் அவன் சுட்ட குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு காணப்பட்டது. இஃது என்ன பறவை என்ற வினாவுக்கு மாமனிடம் விடையில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்குச் செயலாளராயிருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயர், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று உரைத்தார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். நூல்களையும் படிக்கத் தந்தார். அறியாச் சிறுவனென்று அவர் புறக்கணித்திருப்பின் நாம் ஓர் அறிஞரை இழந்திருப்போம்.

அதன் பின்னும் வழி எளிதாக இல்லை. கல்லூரிப் படிப்பை இடையில் விடுத்துப் பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால், விரும்பிய ஆய்வுப் பணி கைகூடவில்லை. பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, அருங்காட்சியகத்தில் முன்பிருந்த வேலையும் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். வேலையற்ற அந்நாட்களே ஆய்வு நாட்களாயின. தூக்கணாங்குருவியில் ஆண் கூட்டைப் பாதி கட்டி நிறுத்துவதையும், பெண் வந்து பார்த்து ஏற்ற பின்னரே அதனை முடிப்பதையும், பின்னர் வேறொரு பெண்ணுக்காக மற்றொரு கூட்டைத் தொடங்குவதையும் பொறுமையுடன் நோக்கி வெளியிட்டார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்றார், 1987இல் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் நிறுவப்பெற்ற பறவையியல் மையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

இளைஞர்க்கு இவ்வாழ்வு உணர்த்துவது யாது? பறவை நோக்கத் துப்பாக்கி வேண்டா. தெளிந்த கண்ணும், ஒரு குறிப்பேடும், வினவ அஞ்சாத நெஞ்சும் போதும். மூத்தோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு: விடை தெரியாத வினாவோடு ஒரு சிறுவன் வந்து நின்றால், விடை தெரிந்தவரிடம் அவனை அனுப்பி வைத்தல் வேண்டும்.