தோணியும் தூரிகையும்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் அல்கோன்குவின் பூங்கா என்னும் பெருங்காடு உள்ளது. பூங்கா என்றதும் நாம் மாலையில் நடைபோடும் இடத்தை நினைத்துவிடக் கூடாது. அது 7,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்த காடு. அதற்குள் ஏரிகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் அவை உறைந்து, மேலே மனிதர் நடந்து செல்லும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ பனிக்கட்டி கறுக்கத் தொடங்கும். கரையோரத்தில் நீர் தெரியும். பிறகு பலமாகக் காற்று வீசும் ஒரு நாளில் அது உடைந்து மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு அந்த நாளின் மகிழ்ச்சி எளிதில் புரியாது. டாம் தாம்சன் என்னும் ஓவியர் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளுக்காகவே காத்திருந்தார்.

தாம்சன் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், டொரொண்டோ நகருக்கு அருகிலுள்ள கிளேர்மான்ட் என்னும் சிற்றூரை ஒட்டிப் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துப் பிள்ளைகள், இவர் ஆறாமவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஜார்ஜியன் விரிகுடாவின் கரையிலிருந்த லீத் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. உடல்நலக் குறைவால் சில காலம் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தது. அந்த நாள்களில் காட்டிலும் நீர்க்கரையிலும் திரிந்தார். வீட்டில் எல்லாருக்கும் இசையில் ஆர்வம் இருந்ததால் இவரும் மேண்டலின் வாசிக்கக் கற்றார். பின்னாளில் பெரிய ஓவியராக வருவார் என்று யாரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வளர்ந்த பிறகும் அவருடைய வாழ்க்கை எந்தத் தடத்திலும் நிலைக்கவில்லை. இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விலகினார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போருக்குச் செல்ல விண்ணப்பித்தார். உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பினர். வணிகக் கல்லூரியில் படித்தார். 1901இல் அமெரிக்காவின் சியாட்டல் நகருக்குச் சென்று, அங்கு அழகிய கையெழுத்தும் விளம்பர வடிவமைப்பும் செய்து பிழைத்தார். சில ஆண்டுகளில் நாடு திரும்பினார். 1909இல் டொரொண்டோவில் கிரிப் என்னும் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்கு எழுத்துகளும் ஓரச் சித்திரங்களும் வரைவது அவருடைய பணி. அப்போது அவருக்கு வயது 31.

அந்த நிறுவனத்தில் வேலை செய்த சிலர் விடுமுறை நாள்களில் நகரைவிட்டு வெளியேறி இயற்கைக் காட்சிகளை வரைந்துவந்தனர். மூத்த வடிவமைப்பாளரான ஜே. இ. எச். மெக்டொனல்ட் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். தாம்சனும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1912 மே மாதத்தில், பென் ஜாக்சன் என்னும் சக ஊழியருடன் முதன்முறையாக அல்கோன்குவின் காட்டுக்குப் புறப்பட்டார். இருவரும் கனூ ஏரி வழியாகத் தோணியில் சென்று, கூடாரமடித்து, மீன் பிடித்து, வரைந்தனர். கனூ என்பது ஒடுங்கிய, இலேசான துடுப்புத் தோணியின் பெயர். அந்தத் தோணியின் பெயரையே ஏரிக்கும் வைத்திருந்தனர். தாம்சனின் ஓவிய வாழ்க்கை உண்மையில் இந்தப் பயணத்தில்தான் தொடங்கியது. அது ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே நீடித்தது.

தொடக்கம் நல்லபடியாக அமையவில்லை என்றே சொல்ல வேண்டும். அதே ஆண்டு இலையுதிர்காலத்தை ஒட்டி, வில்லியம் பிராட்ஹெட் என்னும் நண்பருடன் மிசிசாகி ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ இரண்டு மாதம் பயணம் செய்தார். வழியில் தோணி கவிழ்ந்தது. வரைந்த ஓவியங்களிலும் எடுத்த புகைப்படங்களிலும் பெரும்பாலானவை ஆற்றோடு போயின. புதிதாகத் தொடங்கிய ஒருவர் மனம் உடைந்து விளம்பர வேலைக்கே திரும்புவதற்கு இது போதுமான காரணம். தாம்சனோ எஞ்சியவற்றைக் கொண்டு குளிர்காலத்தில் டொரொண்டோவில் பெரிய ஓவியம் ஒன்றை வரைந்தார். வடக்கின் ஏரி என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்த ஓவியம் 1913இல் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஒன்டாரியோ அரசு அதனை 250 டாலருக்கு வாங்கியது. ஜேம்ஸ் மெக்கலம் என்னும் கண் மருத்துவரும் தாம்சனின் திறமையை உணர்ந்தார். ஓராண்டுச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும் முழுநேரமும் ஓவியம் வரையுமாறும் அவர் கூறினார். நிலையான வருமானத்தைக் கைவிட அஞ்சாதவர் யார்? தாம்சன் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

அதன்பின் அவருடைய ஆண்டுகள் ஒரே ஒழுங்கில் நகர்ந்தன. பனிக்கட்டி உடையும் பருவத்தில் காட்டுக்குச் செல்வார். இலைகள் உதிர்ந்து பனி விழும்போது நகருக்குத் திரும்புவார்.

அந்த வசந்தகாலப் பயணங்கள் எப்படி இருந்திருக்கும்? ஓர் ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்தால் அடுத்த ஏரிக்குச் செல்ல நீர்வழி இருக்காது. அப்போது தோணியைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து, வேர்களும் சேறும் நிறைந்த காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். தோணி மட்டுமே ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். திரும்பி வந்து கூடாரம், போர்வை, மாவு மூட்டை, வாணலி, ஓவியப்பெட்டி ஆகியவற்றை இன்னொரு சுமையாகத் தூக்கிச் செல்ல வேண்டும். வெயில் ஏறினால் கடிக்கும் கருநிறச் சிற்றீக்கள் மொய்க்கும். இரவில் நீர்க்குவளையின்மேல் மெல்லிய பனிக்கட்டி படியலாம். பனிக்கட்டி உடைந்த சில நாள்களில் ஏரி நீர் எத்துணை குளிராக இருக்குமென்றால், தோணி கவிழ்ந்து விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களிலேயே விறைத்துப்போகும்.

ஆனால் அதே குளிர்நீர் மீன்பிடிப்பவருக்குக் கொடை. ஏரி டிரவுட் என்னும் மீன் குளிர்ந்த நீரை நாடுவது. கோடையில் அது ஆழத்திற்கு இறங்கிவிடும். வசந்தத்தின் முதல் வாரங்களில் ஏரி முழுவதும் குளிர்ந்திருப்பதால், அம்மீன் மேற்பரப்புக்கு அருகிலேயே உலவும். அணைகளின்கீழ் நீர் சுழித்து விழும் இடங்களிலும் மீன் கிடைக்கும். டீ ஏரி அணை அருகே தாம்சன் நீண்ட நேரம் தூண்டிலுடன் நிற்பார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் காற்றில் மீன் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை அறிவதற்கு நீரை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய ஓவியங்களில் நீரின் நிறம் ஒரே நாளில் பலவாறு மாறுவதைப் பார்க்கும்போது, தூண்டிலும் அவருக்கு ஓர் ஓவிய ஆசிரியராக இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓவியப்பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோணியில் பெரிய கித்தானைக் கொண்டுபோக முடியாது. ஆகவே, ஏறத்தாழ 21 சென்டிமீட்டருக்கு 27 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய மரப்பலகைகளில்தான் தாம்சன் வரைந்தார். மடியில் பெட்டியை வைத்துத் திறந்தால், அதன் மூடியே பலகையைத் தாங்கிக்கொள்ளும். வசந்தகால வானம் காத்திருப்பதில்லை. ஒரு மேகம் நகர்ந்தால் நீர் சாம்பல் நிறமாகும். சூரியன் எட்டிப்பார்த்தால் இலையற்ற பிர்ச் மரங்கள் ஊதா நிறம் கொள்ளும். எனவே, நினைத்துப் பார்த்து வரைய நேரமில்லை. ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும். தடித்த வண்ணம், விரைந்த கோடுகள், இடையிடையே மரப்பலகையின் நிறமே தெரியும் இடைவெளிகள் ஆகியவை அந்த அவசரத்தில் பிறந்தவை. இப்படி அவர் வரைந்த சிறிய பலகைகள் ஏறத்தாழ 400. பெரிய கித்தான் ஓவியங்கள் ஏறத்தாழ 50 மட்டுமே.

1914 மே மாதத்தில் ஆர்தர் லிஸ்மர் என்னும் ஓவியர் அவருடன் சென்றார். லிஸ்மர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்னும் தொழில் நகரில் பிறந்து வளர்ந்தவர், காட்டுக்குப் புதியவர். தோணியை ஓட்டுவதும் கூடாரமடிப்பதும் தீ மூட்டுவதும் தாம்சனுக்குக் கைவந்த கலை. நகரில் அதிகம் பேசாத தாம்சனின் வேறொரு முகத்தை நண்பர்கள் காட்டில்தான் கண்டனர். ஏ. ஒய். ஜாக்சன் என்னும் இன்னோர் ஓவியர் வண்ணங்களைத் துணிவாகக் கையாளும் முறையைத் தாம்சனுக்குக் காட்டினார். இவ்வாறு ஒருவரிடம் மற்றவர் கற்றனர்.

தாம்சன் தம் ஓவியங்களில் எளிதில் நிறைவு கொள்ளாதவர். 1914 அக்டோபரில் ஒரு நாள், வரைவது கைகூடாத எரிச்சலில் ஓவியப்பெட்டியைக் காட்டுக்குள் வீசியெறிந்தார் என்று ஒரு செய்தி உண்டு. பிடித்தது என்று யாராவது சொன்னால் அந்த ஓவியத்தை அவருக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. பணத்தைச் சேர்த்துவைக்கத் தெரியாதவர். 1915இன் பிற்பகுதியிலிருந்து, டொரொண்டோவில் ஓவியக்கூடக் கட்டடத்தின் பின்புறம் இருந்த பழைய கொட்டகையைச் செப்பனிட்டு, மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் குடியிருந்தார்.

1916இல் காட்டுத்தீக் காவலர் வேலையில் சேர்ந்து, பூங்காவின் கிழக்குப் பகுதிக்குச் சென்றார். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிடும் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து செல்வது அந்த வேலையின் ஒரு பகுதி. வரைவதற்கு நேரமே கிடைக்கவில்லை என்னும் குறை அவருக்கு இருந்தது. ஆயினும், அந்த ஆண்டுதான் கிராண்ட் ஏரிக்கரையில் காற்றில் வளைந்து நின்ற தனிப் பைன் மரமொன்றைச் சிறு பலகையில் தீட்டினார். அடுத்து வந்த குளிர்காலத்தில் கொட்டகையில் அமர்ந்து அதையே ஏறத்தாழ 128 சென்டிமீட்டர் உயரமுள்ள கித்தானில் வரைந்தார். அந்த ஓவியம் இன்று கனடாவின் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. கனடிய மாணவர்கள் பெரும்பாலோருக்கு அறிமுகமானது. மேற்குக் காற்று என்னும் பொருளுடைய மற்றோர் ஓவியமும் அதே குளிர்காலத்தில் உருவானது. அது டொரொண்டோவில் உள்ளது.

இந்த ஓவியங்களில் மனிதர்கள் இல்லை. அதனால் அந்தக் காடு மனிதர் காலடி படாத இடம் என்று பார்ப்பவர் எண்ணக்கூடும். அது சரியன்று. பூங்காவின் பெயரே அங்கு வாழ்ந்த அல்கோன்குவின் மக்களின் பெயர். அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலம் அது. தோணியும் கனடாவின் பூர்வகுடி மக்கள் உருவாக்கியதுதான். தாம்சன் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மரம் வெட்டும் நிறுவனங்கள் உயர்ந்த பைன் மரங்களை வெட்டியிருந்தன. கனூ ஏரிக்கு அருகே இரயில் ஓடியது. அவர் தங்கிய மோவட் விடுதிகூட ஒரு பழைய மர ஆலைக் குடியிருப்பில்தான் இருந்தது. அவர் மீன் பிடித்த அணை, மரங்களை மிதக்கவிடக் கட்டியது. அணைகளையும் வெட்டுமரங்களையும் தாம்சன் வரையவும் செய்திருக்கிறார். ஆனால் மக்களுக்குப் பிடித்துப்போனவை தனி மரமும் ஏரியுமே.

1917 ஏப்ரலில் ஏரிகள் உறைந்திருந்தபோதே அவர் மோவட் விடுதிக்கு வந்துவிட்டார். சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் உரிமமும் பெற்றார். பனி உருகுவதை நாளுக்கொரு பலகையாகப் பதிவுசெய்தார் என்று காட்டுக் காவலர் மார்க் ராபின்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜூலை 8ஆம் நாள் தாம்சன் தனியாகத் தோணியில் புறப்பட்டார். அதன்பின் அவர் உயிரோடு திரும்பவில்லை. விரைவிலேயே வெற்றுத் தோணி மிதக்கக் கண்டனர். 16ஆம் நாள் அவருடைய உடல் கிடைத்தது. நெற்றிப்பொட்டருகே காயம் இருந்தது. தற்செயலாக நீரில் மூழ்கி இறந்தார் என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. அவருக்கு வயது 39. தோணியில் அத்துணைத் தேர்ந்தவர் அமைதியான ஏரியில் மூழ்குவாரா என்று அன்றே சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைச் சுற்றி இன்றுவரை புத்தகங்கள் எழுதப்படுகின்றன. அவருடைய இறப்பைப் பற்றிப் பேசுவோர் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்தச் சிறிய பலகைகளைப் பார்ப்பதில் செலவிட்டிருக்கலாம்.

கொட்டகையில் எஞ்சியிருந்த பலகைகளில் பலவற்றில் கையொப்பமோ தலைப்போ நாளோ இல்லை. நண்பர்கள் அவற்றை ஒன்றுதிரட்டினர். மெக்டொனல்ட் வடிவமைத்த முத்திரை, அவை தாம்சனுடையவை என்பதற்கு அடையாளமாகப் பதிக்கப்பட்டது. 1920இல் அந்த நண்பர்களுள் சிலர் எழுவர் குழு என்னும் ஓவியர் குழுவைத் தொடங்கிக் கனடிய ஓவியத்தின் போக்கையே மாற்றினர். தாம்சன் அதில் உறுப்பினராக இருக்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

அதற்கு முன்பே, 1917 செப்டம்பரில், மெக்டொனல்ட் கனூ ஏரிக்குச் சென்றார். ஜே. டபிள்யூ. பீட்டி என்னும் ஓவியரும் உடனிருந்தார். ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு முனையில் கற்களை அடுக்கி நினைவுச்சின்னம் எழுப்பினர். தாம்சன் கூடாரமடிக்க விரும்பிய இடம் அது. அந்தக் கற்குவியல் இன்றும் அங்கு நிற்கிறது. தோணியில்தான் அங்குச் செல்ல வேண்டும்.