வேலையிழந்தவர் எண்ணிய கூடுகள்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதளவில், தாம் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். இக்கதை தோழர்கள் பலர் அறிந்ததே. நான் சொல்ல வந்தது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு மழைக்காலத்தின் கதை.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் அவருக்கு விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. விடுப்பில் பெர்லினுக்குச் சென்று, எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பறவையியல் அறிஞரிடம் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். வயது முப்பத்து மூன்று. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் அலிபாகை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே, வீட்டுக்கு அருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம் பாட்டிமார் மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்று கதை சொல்வார்களே, அதே குருவிதான். களிமண் உண்மை, விளக்குத்தான் கற்பனை. அக்குருவியின் கூட்டத்தில் அரைகுறையாக விடப்பட்ட கூடுகள் பல தொங்குவதும் எல்லாரும் கண்டதே. ஆண் குருவி இளைப்பாறக் கட்டியவை அவை என்று முன்னோர் எழுதி வைத்திருந்தனர்.

சாலிம் அலி மறைவில் அமர்ந்து நாள்தோறும் பார்த்தார். எந்தக் கூடு எந்த அளவில் நிற்கிறது, யார் வந்தார், யார் போனார் என்று குறித்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது. பெண்கள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒருத்திக்குப் பிடித்தால் குடியேறுகிறாள். அதன் பின்னரே ஆண் நீண்ட வாயிற்குழாயைக் கட்டி முடிக்கிறது. அவள் அடைகாக்கத் தொடங்கியதும் அது அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொருத்தியை அழைக்கிறது! எவளும் ஏற்காத கூடுகளே அரைகுறையாகத் தொங்கியவை. 1931இல் கழகத்தின் இதழில் இக்கட்டுரை வெளிவந்தது. கூட்டின் அமைப்பைவிட அது தொங்கும் இடத்தையே பெண் பெரிதும் பார்க்கிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்கும் அடிப்படை அன்றைய குறிப்பேடுதான்.

உதவித்தொகை வந்தால்தான் ஆராய்ச்சி என்று விடுதியில் நாங்கள் பேசாத இரவில்லை. அப்பேச்சில் நியாயமும் உண்டு. பசியோடு யாரும் பறவை பார்க்க இயலாது. சாலிம் அலிக்குத் தங்க ஒரு வீடும், துணைநிற்க ஒரு மனைவியும் இருந்தனர். தெஹ்மினாவைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. அவர் 1939இல் காலமானார்.

இந்த வேனிலில் நானும் பின்கட்டுச் சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டி வைத்தேன். குண்டுக்கரிச்சான் குடிவந்தது. தாய் இரைதேடப் போன நேரத்தில், வாரம் இருமுறை மட்டும் எட்டிப் பார்த்துக் குறிக்கிறேன்: நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளியிட்ட முட்டைகள் நான்கு, பெட்டைதான் அடைகாக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆயினும் தேதியும் எண்ணும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

சாலிம் அலி பின்னர் நாம் வாழும் இந்த மைசூர்ச் சீமையின் பறவைகளையும் அளவாய்வு செய்தார். அது 1942, 43ஆம் ஆண்டுகளில் கழக இதழில் தொடராக வந்தது. 1987 ஜூன் 20இல் மறைந்தார்.

ஆனி பிறந்து மழை தொடங்கினால், பெங்களூரைச் சுற்றிய ஏரிக்கரை ஈச்சமரங்களில் தூக்கணாங்குருவி நார் கிழிக்கத் தொடங்கும். ஞாயிறு காலைகளில் கூடுகளை எண்ண உடன்வர விரும்பும் தோழர்கள் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். குறிப்பேடு அவரவர் கொண்டுவர வேண்டும்.