சுசுகி ஹருநோபு

சுசுகி ஹருநோபு (ஏறத்தாழ 1725 - 1770) ஜப்பானிய மரவெட்டு அச்சோவியக் கலைஞர் ஆவார். உக்கியோ-எ மரபில் முழுமையான பல வண்ண அச்சுக்களை உருவாக்கிய முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்த இவர் 1760 அளவில் நாடக நடிகர்களின் படங்களை இரண்டு மூன்று நிறங்களில் வரைந்து வந்தார். அவை அக்கால வழக்கத்தை ஒட்டியவையே.

நாட்காட்டி அச்சுக்கள்

அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் 30 நாள் கொண்ட நெடுமாதங்களும் 29 நாள் கொண்ட குறுமாதங்களும் ஆண்டுதோறும் வரிசை மாறி வந்தன. நாட்காட்டி அச்சிடும் உரிமை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே வசதி படைத்தோர் மாத எண்களைப் படங்களுக்குள் மறைத்து அச்சிட்டுத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். 1765ஆம் ஆண்டுக்காக ஹருநோபு வரைந்த படமொன்றில், திடீர் மழையில் ஒரு பெண் காயும் துணியை எடுக்க ஓடுகிறாள். கழியில் தொங்கும் ஆடையின் வேலைப்பாட்டை உற்று நோக்கினால் 2, 3, 5, 6, 8, 10 என்னும் நெடுமாத எண்கள் தெரியும்.

இப்புரவலர்கள் செலவுக்கு அஞ்சவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை செதுக்கப்பட்டது; தாள் இம்மியும் விலகாதிருக்கக் கட்டையில் அடையாள வெட்டுகள் இடப்பட்டன. இவ்வாறு பிறந்ததே 'நிஷிகி-எ' எனப்படும் பல வண்ண அச்சு.

வீட்டின் எட்டுக் காட்சிகள்

சீனத்தின் ஷியாவோ, ஷியாங் ஆற்றுப் பகுதியின் எட்டு இயற்கைக் காட்சிகள் கிழக்காசியாவில் புகழ்பெற்ற ஓவியப் பொருளாகும். 1766 அளவில் ஹருநோபு அவற்றை வீட்டுப் பொருள்களாக மாற்றினார். முகம் பார்க்கும் கண்ணாடி இலையுதிர்கால நிலவாயிற்று; கொதிக்கும் கெண்டியின் ஓசை இரவு மழையாயிற்று. கோத்தோ என்னும் நரம்பிசைக் கருவியின் குதிரைகள், நம் வீணையில் உள்ளதுபோல் ஒன்றாக இல்லாமல் நரம்புக்கு ஒன்றாகச் சாய்வரிசையில் நிற்பவை. அவை தரையிறங்கும் வாத்துக் கூட்டத்தைக் குறித்தன. துண்டு தொங்கும் சட்டம் கரை திரும்பும் பாய்மரம். கடிகாரமே கோயில் மணி. மூலத்தை அறியாதவருக்கு இவை வெறும் வீட்டுக் காட்சிகளாகவே தோன்றும்.

இத்தொடரின் முதற்பதிப்பு கியோசென் என்ற புனைபெயர் கொண்ட புரவலரின் பெயரிலேயே வெளிவந்தது. எண்ணம் தந்தவரே ஆக்கியோன் என்பது அவ்வட்டத்தின் வழக்கம். வணிகப் பதிப்புகள் பெருகிய பின்னரே ஹருநோபுவின் பெயர் மக்களிடம் பரவியது.

மறைவும் போலிகளும்

ஹருநோபு 1770இல் காலமானார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பைக் கண்டு இளம் ஓவியர் ஷிபா கோகன் ஹருநோபுவின் கையொப்பமிட்டே அச்சுக்களை வெளியிட்டார். இதனைப் பிற்காலத்தில் தாமே எழுதியும் வைத்தார். இதனால் ஹருநோபு பெயர் தாங்கிய அச்சுக்களுள் சிலவற்றின் உண்மைத்தன்மை இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதிக்கப்படுகிறது.