மணலில் கோலம் போட்ட கிளாட்னி

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து கட்டுரை கேட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஹாஸ்டல் சாம்பார், வார்டன், கட் அடித்த கதை எல்லாம் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டதாம், வேறு ஏதாவது வேண்டுமாம். சரி என்று, காலமாகி ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆன ஒரு ஜெர்மன்காரரைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல் படித்த நம் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். வைப்ரேஷன் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாக வருவாரே, அதே கிளாட்னி!

நானும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி முழு மார்க் வாங்கியவன்தான். ஆனால் அந்தத் தகட்டையோ மணலையோ நான் கண்ணால் பார்த்ததில்லை. லேப் ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய கூட்டத்தில் அடியேனும் ஒருவன். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு கம்ப்ரஸரின் தகரக் கவர் காது கிழிய அலறியது. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி கவரின் மேல் படிந்திருந்த தூசியைச் சற்று நேரம் பார்த்தார். தூசி கோடு கோடாக ஒதுங்கி நின்றது. தூசி ஓடிப்போன வெற்றிடத்துக்குக் குறுக்கே ஒரு ஆங்கிளை வைத்து வெல்டிங் செய்தார். சத்தம் அடங்கிவிட்டது. அண்ணாச்சிக்குக் கிளாட்னி யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் பயன்படவில்லை. அன்று இரவுதான் கிளாட்னியின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

எர்ன்ஸ்ட் கிளாட்னி 1756 நவம்பர் 30 அன்று விட்டன்பர்க் நகரில் பிறந்தார். தகப்பனார் சட்டப் பேராசிரியர், மகா கண்டிப்பானவர். பையனைத் தனியாக வெளியே அனுப்பவே யோசிப்பார். மகனுக்கு இசையிலும் இயற்கையிலும் நாட்டம். அப்பாவுக்கோ மகன் வக்கீலாக வேண்டும். நம்ம வீடுகளில் நடக்கிற கதைதான் போங்க! கிளாட்னியும் தட்டாமல் சட்டம் படித்து 1782 இல் லைப்ஸிக்கில் பட்டம் வாங்கினார். அதே வருஷம் தகப்பனார் காலமானார். சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒலியைக் கையில் எடுத்தார் மகன்.

அப்போது கோட்டிங்கன் பேராசிரியர் லிக்டன்பர்க், மின்சாரம் பாய்ந்த பரப்பில் தூளைத் தூவினால் நட்சத்திர வடிவங்கள் தெரிவதைக் கண்டுபிடித்திருந்தார். மின்சாரத்துக்குத் தூள் என்றால் ஒலிக்கும் அப்படிச் செய்யலாமே என்று கிளாட்னிக்குத் தோன்றியது. மெல்லிய தகட்டை நடுவில் பிடித்து நிறுத்தி, மேலே மணலைத் தூவி, ரோசின் தடவிய வயலின் வில்லை ஓரத்தில் இழுத்தார். தகடு பாடியது, மணல் துள்ளியது. அதிர்கிற இடத்திலிருந்து ஓடி, அசையாத கோடுகளில் போய் அமர்ந்துகொண்டது. ஓரத்தில் விரல் வைக்கும் இடத்தை மாற்றினால் சுருதியும் மாறும், கோலமும் மாறும். சதுரத் தகட்டில் பக்கத்தின் மத்தியில் விரலை வைத்து மூலை அருகே வில் இழுத்தால் கூட்டல் குறி வரும். மூலையில் விரலை வைத்துப் பக்கத்தின் மத்தியில் இழுத்தால் பெருக்கல் குறி. கேளுங்க, இதற்கு ஒரு சூத்திரமும் வேண்டாம்!

கண்ணாடித் தட்டில் மாவைப் போட்டு ராபர்ட் ஹூக் 1680 லேயே இப்படிப் பார்த்திருக்கிறார். ஆனால் பல வடிவத் தகடுகளில் செய்து பார்த்து, எந்தச் சுருதிக்கு எந்தக் கோலம் என்று வகைப்படுத்தி 1787 இல் படங்களுடன் புத்தகமாக வெளியிட்டவர் கிளாட்னிதான்.

புகழ் வந்தது, சம்பளம் வரவில்லை. கடைசிவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஈர விரலால் கண்ணாடிக் குச்சிகளைத் தேய்த்து வாசிக்கும் யூஃபோன், சுழலும் கண்ணாடி உருளையைக் கட்டைகளால் இசைக்கும் கிளாவிசிலிண்டர் என்று இரண்டு வாத்தியங்களைத் தாமே உருவாக்கினார். அவற்றோடு தகட்டையும் மணலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டிப் பிழைத்தார். இடையில் 1794 இல், வானத்திலிருந்து விழும் இரும்பும் கல்லும் விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதினார். பலர் கேலி செய்தார்கள். 1803 இல் பிரான்சின் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் விழுந்து விசாரணை நடந்தபிறகு கேலி நின்றது.

1809 இல் பாரீஸில் நெப்போலியன் முன்னிலையில் அந்த மணல் ஆடியது. சக்ரவர்த்தி அசந்துபோய், கிளாட்னியின் ஒலியியல் நூலைப் பிரெஞ்சில் கொண்டுவர 6000 பிராங்க் கொடுத்தார். இந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் தருபவருக்கு 3000 பிராங்க் பரிசும் அறிவிக்கப்பட்டது. பெண் என்பதால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல், வீட்டிலிருந்தே கணிதம் கற்ற சோஃபி ஜெர்மைன் மூன்றாம் முயற்சியில், 1816 இல் அதை வென்றார். அதிலும் குறைகள் இருந்தன. கிர்க்காஃப் 1850 இல்தான் கணக்கை ஒழுங்கு செய்தார். அதாவது, கை 1787 இல் காட்டியதைக் கணக்கு எட்டிப் பிடிக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கிளாட்னி அதைப் பார்க்க இல்லை. 1827 ஏப்ரலில் பிரெஸ்லாவ் நகரில் காலமானார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், மிருதங்கத்தின் தோலில் மணல் தூவிப் பார்த்தவர். வெறும் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. வலந்தலையின் நடுவே பூசும் கறுப்புக் கரணைதான் அவற்றைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று 1920 லிருந்தே எழுதிக் காட்டினார்.

அதைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நானும் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றேன். ப்ளஸ் டூ வந்ததும் அப்பா அதைப் பரணில் ஏற்றிவிட்டார். அந்த வருத்தத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, என் மகளுக்காக ஒரு பித்தளைத் தகடும் இரவல் வயலின் வில்லும் கொண்டுபோனேன். முதல் அரை மணி நேரம் கீச்சென்ற சத்தம்தான். பிறகு திடீரென்று மணல் கூடிக் கோடு போட்டது. என் மகள் கைதட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து மிருதங்கத்தை இறக்கினார். வலந்தலை கிழிந்திருந்தது. மறுநாள் அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் மூட்டு மாற்றி, வார் பிடித்துக் கொண்டுவந்தார். கிளாட்னிக்குத் தம் அப்பாவிடம் தகட்டைக் காட்டும் வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

நண்பர்களே, நம் சங்க நிதியில் கம்ப்யூட்டர் வாங்குவோம், கட்டடம் கட்டுவோம். அதோடு ஒரே ஒரு மேஜைக்கும் இடம் கொடுங்கள். நாலு தகடு, ஒரு வில், ஒரு பழைய ஸ்பீக்கர், சலித்த மணல், ஒரு மிருதங்கம் போதும். பூட்டாத மேஜையாக இருக்கவேண்டும், ஜூனியர்கள் தொட்டுப் பார்க்கவேண்டும். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் தகட்டுடன் மரத்தடியில் இருப்பேன். வந்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அந்த இரண்டு மார்க்கை அன்றைக்காவது நேர்மையாகச் சம்பாதிப்போம்!